லூசியா அக்கா சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை

களை எடுக்கப் போன இடத்தில் மத்தியானம் பெண்கள் எல்லாரும் புளியமரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். லூசியா அக்கா மட்டும் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு அங்குட்டுப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும்.

"என்னத்தடி ஒளிச்சு வச்சுத் திங்கிறா? கறிக்கொழம்பா?" என்று மலையம்மாள் கத்துவாள்.

"ஆமா, மயில் கறி. உனக்கு வேணுமா?" என்று திரும்பாமலே பதில் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் மரியசூசை சாப்பிட்டு, பிள்ளைகள் ஷீலாவும் பெனோவும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்படியில் விளக்கை அணைக்கப் போகிறபோதுதான் அவர் தட்டைப் போடுவார். எங்கள் பக்கத்தில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவது ஒரு அதிசயம் இல்லை. அதனால் இருபத்துச் சொச்சம் வருசம் ஒரு வீட்டில் வாழ்ந்தும், அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் கல்லலுக்குத் தெற்கே, பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர். அந்த பஸ்ஸில் ஏறிப் போய் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்துத் திரும்பிய முதல் ஆள் நான். என் அப்பா ரேஷன் கடையில் இன்னமும் கைநாட்டுத்தான் வைக்கிறார். காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மருத்துவர் எழுதிய சீட்டு முதலில் என் கைக்குத்தான் வரும். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

பெனோவின் சீட்டும் அப்படித்தான் வந்தது.

பெனோ நல்ல பையன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை வாத்தியார் முதல் பெஞ்சுக்கு மாற்றினார், காது சரியாகக் கேட்கவில்லை என்று. பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்று பாதிச் சோற்றில் எழுந்துபோக ஆரம்பித்தான். "திமிரு. அரிசிச் சோறு கிடைக்குதுல்ல, அதான்" என்று மரியசூசை அண்ணன் திட்டுவார். லூசியா அக்கா சோற்றைக் குழைத்துக் கஞ்சியாக்கி மகனிடம் கொடுப்பார். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் அவனுக்கு முகமும் காலும் வீங்கின. மதுரைக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன.

அது தொண்ணூற்றைந்தாம் வருசம். வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ். கிழிந்த நார் மாதிரித் திரும்பி வருவான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பான் என்று டாக்டர் தண்டாயுதபாணி சொன்னார். மரியசூசை அண்ணனுடைய ரத்தப் பிரிவு பெனோவோடு சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முகத்தில் நான் பார்த்த சந்தோசத்தை வேறு எந்தத் தாய் முகத்திலும் பார்த்ததில்லை. "தம்பி, என்னுது சேருதாம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆனால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது சாப்பாடு முழுங்கறதுல கஷ்டம் உண்டாம்மா? உங்களுக்கு?"

"கிடையாதுங்க" என்றார் மரியசூசை அண்ணன், கேள்வி முடியும் முன்பே.

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் இறங்குது" என்றார் அக்கா.

"உங்ககூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி. செத்துப் போயிட்டான்." எதனால் என்று அவர் சொல்லவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் படித்த படிப்பைக் கேட்டிருந்தார். மேசையில் ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையின் நகலைப் போட்டு, "நீ படிச்ச பையன். உனக்குப் புரியும். அந்த அம்மாவுக்கு அவங்க பாஷையில எடுத்துச் சொல்லு" என்றார். தாய்க்கும் அதே குறை இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். மரபணுவைச் சோதித்துப் பார்க்கிற வசதி அப்போது எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. விழுங்குவதில் சிரமமும், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் இருந்தால் அதுவே சாட்சி. அந்தத் தாயின் சிறுநீரகத்தை எடுக்கக்கூடாது. நான் வேலை பார்க்கிற இடத்திலேயே சிறுநீரைச் சோதித்து அனுப்பச் சொன்னார்.

அடுத்த வாரம் அக்கா புட்டியோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி இருந்தார். நான் சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். சிவப்பணுக்கள் இருந்தன. இன்னொரு சொட்டு எடுத்தேன். அதிலும் இருந்தன.

வெளியே வந்து, "அக்கா, ரத்தம் இருக்கு" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "நல்லாப் பாரு தம்பி. இருக்காது."

"ரெண்டு தடவ பாத்தாச்சு."

"இருக்காதுய்யா, இருக்கவே இருக்காது." குரல் உடைந்தது. "அது என்னுது இல்ல. ஷீலாவோடது."

எனக்குப் புரிய நேரமாயிற்று. பெனோவைச் சுமந்தபோதே, நர்ஸ் ஒருத்தி அக்காவின் சிறுநீரில் ரத்தம் கலந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அது அவருக்கு மறக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்தால் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து, ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற மகளிடம், "ஏதோ சத்து இருக்கான்னு பாக்கணுமாம்" என்று பொய் சொல்லி வாங்கி வந்திருக்கிறார். திடகாத்திரமான பெண்ணின் சிறுநீர், தெளிவாக இருக்கும் என்று நம்பி.

மகனுக்குக் கொடுக்கத் தடையாக இருந்ததை மறைக்கப் போய், மகளுக்கும் அது இருப்பதைத் தெரிந்துகொண்டார்.

அவர் அழவில்லை. விரலில் சுற்றியிருந்த தலைப்பை அவிழ்த்தார். பிறகு சொன்னார்: "எனக்கும் இறங்காது தம்பி. சின்ன வயசுலேர்ந்து. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி ஊத்தித்தான் உள்ள தள்ளணும். கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியா, 'இவ தின்னு எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த வேளைக்கு உலை வைக்கணும்'னாக. அன்னைலேர்ந்து யாரு முன்னாலயும் உக்கார்றதில்ல. என் தம்பிக்கும் இதே கத. காது போச்சு, மூஞ்சி வீங்குச்சு, மீசை மொளைக்கும்போது போயிட்டான். எங்கம்மா வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டே கெடந்துச்சு."

"டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா என்னுதை எடுப்பாகளா?"

நான் புட்டியை மூடி ஓரமாக வைத்தேன்.

"என்னதான்யா அது? என் வயித்துல வந்ததுக ரெண்டையும் புடிச்சிருக்கு. எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு."

நான் சொன்னேன். உடம்பு முழுக்கக் கொலாஜன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதில் ஒரு வகை வலை மாதிரிப் பின்னி, சிறுநீரகத்துக்குள் சல்லடையாக நிற்கிறது. காதுக்குள்ளும் அந்த வலை உண்டு. வலைக்கு இழை செய்யச் சொல்கிற குறிப்புதான் மரபணு. இதில் இரண்டு மரபணு பக்கத்தில் பக்கத்தில், ஆனால் முதுகோடு முதுகாக நிற்கின்றன. ஒன்று இந்தத் திசையில் ஓடும், மற்றது எதிர்த்திசையில். இரண்டையும் கிளப்பிவிடுகிற இடம் நடுவில் உள்ள சின்னத் துண்டு. இரண்டுக்கும் பொது. மனிதனுக்கு மட்டும் இல்லை, சுண்டெலிக்கும் இதே அமைப்புத்தான்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு அவர்கள் வயல் ஞாபகம் வந்தது.

"உங்க கூட்டுக் கிணத்த நெனச்சுக்கங்க. நடுவுல ஒரே மோட்டார் ரூம். கிழக்கே ஓடுற வாய்க்கா அண்ணன் வயலுக்கு. மேற்கே ஓடுற வாய்க்கா அவரு தம்பி இன்னாசி வயலுக்கு. கிழக்கு வாய்க்கா மட்டும் ஒடஞ்சா?"

"எங்க வயலு காயும்."

"அது மட்டும்னா கிட்னியும் காதும் போகும். தொண்டை தப்பிச்சிரும். மோட்டார் ரூமே இடிஞ்சு, ரெண்டு வாய்க்காத் தலைமாடும் சேந்து போச்சுன்னா?"

"ரெண்டு பக்கமும் கருகிப் போகும்." அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

"அப்படித்தான் பெனோவுக்கு இருக்கும்னு டாக்டர் நெனக்கிறாரு. ரெண்டும் போனா தொண்டைக் குழாய்ச் சதை ஏன் இப்படித் தடிச்சுப் போகுதுன்னு அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கே இன்னும் தெரியல."

"அப்ப நான் எப்படி உயிரோட இருக்கேன்? என் தம்பி போயிட்டான்."

"பொம்பளைக்கு அந்தக் கிணறு ரெண்டு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு தூந்தாலும் இன்னொண்ண வச்சு ஓடும், அரைகுறையா. ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் அம்மா குடுக்கிறது."

தெருவில் பிள்ளையார்பட்டி பஸ்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல நான் வாயெடுத்தபோது அக்கா முந்திக்கொண்டார்.

"அப்ப அவுக பக்கத்து ஆளுகளுக்கு இது கிடையாது."

"கிடையாது."

"இன்னாசிக்கும் கிடையாது."

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டு வெகு காலமாகியிருந்தது. இன்னாசி, மரியசூசை அண்ணனின் கூடப் பிறந்த தம்பி. அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை, அதுவும் அந்தக் கிணற்றால்தான். மும்முனைக் கரண்ட் கொஞ்ச நேரம்தான் வரும். அந்த நேரத்தில் யார் முறை என்பதில் தகராறு. இன்னாசியின் முறையன்று அண்ணன் மோட்டாரைப் போட்டு இறைத்துவிட்டார், தம்பியின் நாற்று கருகியது. தம்பி மோட்டார் ரூமைப் பூட்டினார். அண்ணன் பூட்டை உடைத்தார். போலீஸ், கேஸ், வாய்தா. கோயில் பூசையில்கூட ஆளுக்கொரு மூலையில் முழங்கால் போடுவார்கள்.

ஒரு வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வீட்டைத்தான் பார்ப்பார்கள். பங்காளியிடம் போய் யாரும் கை ஏந்தமாட்டார்கள். பெனோவுக்குத் தாய்மாமன் இல்லை. மரியசூசை அண்ணன் ஒரே பிடியாக நின்றார். "அவன் வாசல்ல போய் நிக்கிறதுக்கு நான் கயித்துல தொங்கிருவேன்."

"நீங்க தொங்குங்க. நான் போறேன்" என்றார் அக்கா.

துணைக்கு என்னைக் கூட்டிப் போனார். இன்னாசியின் மனைவி ஆன் மேரி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்தார், 'வாங்க' என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே விசயத்தைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

ஆன் மேரி மிளகாயைக் கிளறியபடியே கேட்டார்: "ஏக்கா, எங்க முறைத் தண்ணி மட்டும் உங்களுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டீக. இப்ப கிட்னியுமா? அதுக்கும் முறை வச்சிருக்கீகளா, இல்ல பூட்ட ஒடச்சு எடுத்துக்குவீகளா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "என்ன வேணும்னாலும் பேசு ஆன் மேரி. நீ பேசலாம். பேசி முடிச்சுட்டுச் சொல்லு."

மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இன்னாசி அப்போதுதான் பக்கத்தில் வந்தார். கையில் வைக்கோல் பிரி. "மதினி, பெனோவுக்குச் சுத்தமாக் காது கேக்கலையா?"

"மிசினு வச்சிருக்கான். கொஞ்சம் கேக்கும்."

"சின்னப் புள்ளையில நான் சைக்கிள் பெல் அடிச்சா தெருமுக்குலேர்ந்து ஓடியாருவான்." பிரியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு என்ன ரத்தம்னே தெரியாதேப்பா. எங்க வந்து குடுக்கணும்?"

"ஏங்க, நமக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு!" என்று ஆன் மேரி கத்தினார்.

"இருக்குல்ல. அந்த மாதிரித்தான் அவனும்."

ஆன் மேரி அன்று சமைக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். இன்னாசி வந்தார். ரத்தம் சேர்ந்தது. சிறுநீர் கண்ணாடி மாதிரித் தெளிவு. மதுரையிலும் எல்லாம் சரி என்றார்கள். ஆனால் அப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. சிறுநீரக வியாபாரத்தைத் தடுக்கத்தான். பெற்றவர், பிள்ளை, கூடப் பிறந்தவர், கணவன் மனைவி கொடுத்தால் கேள்வி இல்லை. சித்தப்பா அந்த வரிசையில் இல்லை. பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று சென்னையில் ஒரு குழுவின் முன்னால் நிரூபிக்க வேண்டும். உள்ளூர்ப் போலீசிடம் விசாரித்தார்கள். அண்ணனும் தம்பியும் கேசில் இருக்கிறார்கள் என்று போலீசார் உள்ளதை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

சென்னைக்கு இன்னாசியோடு அக்காவும் நானும் போனோம். குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "உங்க அண்ணன் மேல நீங்களே புகார் குடுத்திருக்கீங்க. திடீர்னு எங்கேயிருந்து பாசம் வந்தது? உண்மையைச் சொல்லுங்க, எதுவும் வாங்கினீங்களா?"

இன்னாசிக்கு முகம் சிவந்தது. நான் பேசப் போனேன். என்னைக் கையால் தடுத்தார்.

"சார், வாங்கியிருந்தா முதல்ல கேசையில்ல வாபஸ் வாங்கியிருப்பேன்? கேஸ் அப்படியேதான் இருக்கு. இப்பவும் எங்கண்ணன் செஞ்சது தப்புத்தான். அடுத்த வாய்தாவுக்கும் போவேன். சண்டை எனக்கும் அவருக்கும். இந்தப் பய என்ன செஞ்சான்?"

ஓரத்தில் இருந்த பெண் மருத்துவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார்.

தபால் வரவில்லை. அக்கா தினமும் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து தபால்காரரைப் பார்ப்பார். அவர் தலையாட்டுவார், அக்கா திரும்பிப் போவார். மழைக்காலம் பிறந்தது. பெனோவுக்குக் கஞ்சியும் இறங்காமல் போயிற்று. அக்கா தன் தொண்டைக்குச் செய்வதையே மகனுக்கும் சொல்லிக் கொடுத்தார்: கழுத்தை நிமிர்த்தி, ஒரு மடக்கு, நிறுத்தி, மறுபடி ஒரு மடக்கு. ஆனால் டயாலிசிஸ்காரனுக்குத் தண்ணீரும் அளவுதான். ஒரு வாய்க்கு ஒரு மடக்குக்கூட அவனுக்கு மிச்சமில்லை. அந்த ஒரு விசயத்துக்காக அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அனுமதி வந்தது. தேதியும் குறித்தார்கள். இன்னாசி முன்கூட்டியே மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பெனோவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவன் காதுமிசினுக்குள் கத்தித்தான் பேசுவார். வார்டு முழுக்கக் கேட்கும்.

"சித்தப்பா, உங்க கிட்னிய வச்சா உங்க கோவமும் சேந்து வந்துருமா?"

"கோவம் அதுல இல்லடா. பித்தப்பையில இருக்கு. அதத் தரமாட்டேன்."

மரியசூசை அண்ணன் வாசலில் நின்று அதைக் கேட்டார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

அறுவைக்கு முன்னால் பெனோவுக்குக் காய்ச்சல் கண்டது. விழுங்கியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நெஞ்சில் சளி கட்டிவிட்டது. காய்ச்சல் தணியாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். அவர் செய்யாத வைத்தியம் இல்லை. காய்ச்சல் தணியவில்லை. பக்கத்து வார்டில் வயிற்றை மழித்துக்கொண்டு சித்தப்பா தயாராகப் படுத்திருக்க, பெனோ போய்விட்டான்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தோம். சாவு வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். பங்காளிகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். பகை இருந்தாலும் அந்த ஒரு வேளைக்கு விலக்குக் கிடையாது. அண்ணன் ஒரு கோடியில், இன்னாசி மறு கோடியில். அக்காவையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஷீலா.

லூசியா அக்கா சாப்பிடுவதை அன்றுதான் ஊர் பார்த்தது. ஒரு வாய், ஒரு மடக்குத் தண்ணீர், கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி ஒரு நிறுத்தம். பிறகு அடுத்த வாய். மறைக்கிற தெம்பு அவருக்கு இல்லை. மறைத்து ஆகப்போவதும் இல்லை. மரியசூசை அண்ணன் சோற்றில் கை வைத்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் ஷீலாவும் மெதுவாகத்தான் மென்றாள். மூன்றாவது வாய்க்கு அவள் கை அம்மாவின் செம்பை நோக்கி நீண்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டார். அவர் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

மற்றவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். ஒருவர் எழுந்தால் வரிசையே எழுந்துவிடும். கோடியில் இருந்து முதலில் எழ வேண்டிய இன்னாசியை எல்லாரும் பார்த்தார்கள். அவர் இலை எப்போதோ காலி. கை காய்ந்துபோய் இருந்தது. அவர் எழவில்லை.

"ஷீலா" என்றார், பெனோவிடம் பேசிப் பழகிய அதே உரத்த குரலில். "பெனோவுக்குன்னு சொன்னது எங்கிட்டயேதான் இருக்கு. உனக்கு வேணும்கிற காலம் வரவே வேணாம். வந்தா, கேக்கணும்னுகூட இல்ல."

கிணற்றுக் கேஸ் இன்னும் நடக்கிறது. அடுத்த மாதம்கூட வாய்தா இருக்கிறது, இரண்டு பேரும் போவார்கள், எனக்குத் தெரியும். அது வேறு.

"ஆன் மேரி, இன்னொரு செம்புத் தண்ணி கொண்டா" என்றார் இன்னாசி. ஆன் மேரி கொண்டுவந்து ஷீலாவின் இலையோரம் வைத்தார்.

"மெல்லச் சாப்பிடுங்க மதினி. நான் எங்குட்டும் போகல."